முடிச்சுக்குள் போன ஒரு சாண்

அன்புள்ள பெரியவளுக்கு, அப்பா சொல்லச் சொல்லச் சின்னவள் கையால் எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே உனக்கும் அப்படியே இருக்கும் என்ற தைரியத்தில்தான் மற்ற சேதிகளை ஆரம்பிக்கிறேன். முழங்கால் வலிக்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தாய், இப்போது எப்படி இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுக்கிறவள் தானும் கூடவே ஓட வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை, ஓரமாக நின்று விசில் ஊது போதும். இங்கே ஸ்டேடியத்துக்குள் இருக்கும் நம் வீட்டைக் காலி செய்யும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. புது வீடு மூன்றாவது மாடி, இரண்டு அறை, குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறது. உன் அம்மா பாத்திரங்களோடு நேற்றே அங்கே போய்விட்டாள், சாமான்களுக்குக் காவலாக இரண்டு ராத்திரி அங்கேயே படுத்துக்கொள்கிறாள். நானும் சின்னவளும் மிச்சத்தைக் கட்டிக்கொண்டு நாளைச் சாயங்காலம் போகிறோம். ஸ்டேடியத்தை இடிப்பது பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், அதில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, பழைய கட்டடம், எதற்கும் ஒரு முடிவு உண்டு. முப்பத்தொரு வருடம் அந்தப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று, இனிமேல் மாடியில் ஒரு தொட்டி வைத்து அதற்கு ஊற்றிக்கொள்கிறேன். நீ அதை நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்காதே.

இதுவரை அப்பா சொன்னது, அக்கா. இனிமேல் வருவது நான். அப்பா இந்த இடம் வரை சொல்லிவிட்டு, கண் எரிகிறது, மீதியைக் காலையில் முடிக்கலாம் என்று படுத்துவிட்டார். வழக்கம்போல, எழுத ஆரம்பிக்கும் முன்பே கடைசித் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். சுண்ணாம்பு தின்ற கண்ணுக்கு முதல் ஐந்து நிமிடம்தான் எழுத்து தெரியும், பிறகு தண்ணீர் வடியும் என்பது உனக்குத் தெரியும், நீ எழுதிய காலத்திலும் அப்படித்தானே செய்வார். மேலே உள்ள இடத்தை நான் நிரப்பிக்கொண்டே போய்க் கையெழுத்தைத் தொட வேண்டும். நடுவில் வெற்றிடம் விட்டால் எவனாவது என் சொத்தையெல்லாம் எழுதி வாங்கிடுவான் என்பார், அப்படி என்ன சொத்து என்று அம்மா கேட்பாள், ரோலரும் ரெண்டு வாளியும் என்பார். நான் நிறுத்தி நிறுத்திக் கமா போட்டால், எதுக்கு இத்தனை கமா, அவ ஓட்டக்காரி, மூச்சுத் தாங்கும் என்பார். இன்றைக்கு அந்தக் கையெழுத்துக்கு மேலே இரண்டு தாள் முழுசாகக் காலியாக இருக்கிறது. அப்பா எழுதக் கூடாது என்று சொன்னதை எல்லாம் அதில் எழுதப்போகிறேன். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, டார்ச்சை டம்ளருக்குள் நிற்கவைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

போன் செய்திருக்கலாமே என்று நீ கேட்பாய். இருக்கிற ஒரே போன் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது, நாலரைக்கு அலாரம் வைத்திருக்கிறார். எதற்கு நாலரை என்பதுதான் விஷயம். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் முதலில் உன்னிடம் சொல்லிப் பார்த்தால் பிறகு அப்பாவிடம் சொல்ல வாய் வரும் என்று தோன்றுகிறது. நாலரைக்குள் வாய் வர வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம் நடந்தது. சும்மா பழைய ஆட்டக்காரர்கள் பந்து உதைக்கப் போகிறார்கள், கோடெல்லாம் வேண்டாம் என்று கிளப் செயலாளர் சொன்னார். கோடு இல்லாம விளையாடறதுக்குப் பேரு ஆட்டம் இல்ல சார், அலையறது என்று அப்பா சொல்லிவிட்டு, விடிவதற்கு முன்பே போய் எல்லாக் கோட்டையும் போட்டார். கூட்டம் பாதி கேலரிக்குக்கூட வரவில்லை. வந்தவர்களும் ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள், ஒருத்தர் இருக்கை எண் தகட்டைத் திருகி எடுத்தார், ஒருத்தர் கோல் கம்பத்தின் வலையில் ஒரு முழம் வெட்டிக்கொண்டார். தபால்காரர் ஒருவர் புல்லை ஒரு சதுரம் வெட்டிப் பையில் போட்டுக்கொள்ளத் தவித்தார், கையில் இருந்தது பேனாக் கத்தி. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அப்பா தன் மண்வெட்டியைக் கொண்டுவந்து தானே வேரோடு வெட்டிக் கொடுத்து, காலைல ஊத்துங்க, வெயில் ஏறினப்புறம் ஊத்துனா வெந்துடும் என்று சொல்லி அனுப்பினார். கடைசியில் ஒலிபெருக்கியில் கேலரிச் சுவரில் எழுதியிருக்கும் சாதனைப் பலகையை வரிசையாக வாசித்தார்கள். உன் பேர்தான் கடைசி. எண்ணூறு மீட்டர், இரண்டு நிமிடம் பதினொரு நொடி, பழைய சாதனையைவிட ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்கு குறைவு என்று வாசித்ததும் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். சுண்ணாம்பு அறைக்குப் பின்னால், ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்த வாளியை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

நீ ஊரைவிட்டுப் போனபோது உனக்கு நடந்த பாராட்டு விழாவிலும் அப்பா மேடைக்கு வரவில்லை. இதே சுண்ணாம்பு அறையில்தான் இருந்தார். அவருக்கு என்னைவிடக் கோடுதான் பெருசு என்று நீ அம்மாவிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறினாய், எனக்கு அப்போது ஏழு வயது, ஆனாலும் நினைவிருக்கிறது. எட்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை வந்தாய், அதுவும் நாலு நாள். அம்மாகூட, சக்களத்தியா இருந்தா மயிரைப் பிடிச்சுச் சண்டையாவது போடலாம், இந்த மைதானத்தை என்ன பண்றது, இதுக்குத் தண்ணி வேற நானே சுமக்கறேன் என்று சொல்லிச் சிரிப்பாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிடுவாள். அப்பா ஏன் அப்படி இருந்தார் என்று முந்தாநாள் காலைதான் எனக்குத் தெரிந்தது.

முந்தாநாள் விடியற்காலையில் அப்பா என்னை எழுப்பி, டேப்போட ஒரு முனையைப் பிடிச்சுக்க ஆள் வேணும், வா என்றார். இருட்டு பிரிகிற நேரம். புல் காய்ந்து, ரோலர் துருவோடு நின்றது. அப்பா என்னை ஸ்கோர் பலகைப் பக்கத்து வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே தரையைக் கையால் தடவித் தடவி, வளைவின் மையத்தில் புதைத்திருந்த இரும்பு முளையைக் கண்டுபிடித்து, டேப்பை அதன்மேல் வைத்துப் பிடிக்கச் சொன்னார். தான் அடுத்த முனையோடு ஓடுபாதையின் உள்விளிம்புக் கல் வரைக்கும் நடந்தார். எண் கண்ணுக்குத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டார். படித்தேன். அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். இங்க ஒரு சாண் குறையுது, நான் நினைச்ச மாதிரியேதான் என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அந்தக் காலத்தில் வருடா வருடம் போட்டிக்கு முன்னால் ஓடுபாதையின் இரண்டு வளைவுகளையும் அப்பா கயிறு கட்டித்தான் போடுவார், உனக்குத் தெரியும். கயிற்றின் ஒரு முனையில் முடிச்சுப் போட்ட வளையம், அது நடு முளையில் மாட்டிக்கொள்ளும், மறு முனையில் ஆணி, கயிற்றை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு சுற்றி நடந்தால் மண்ணில் வளைவு விழும், அதன்மேல் சுண்ணாம்பு. நீ சாதனை செய்த வருடமும் அப்படித்தான் போட்டார். நீ ஜெயித்த சந்தோஷத்தில் கிளப்காரர்கள் இரண்டே மாதத்தில் அந்தச் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே கல் பதித்துவிட்டார்கள், இனிமேல் வருடா வருடம் போட வேண்டாம் என்று. அடுத்த வருடம் வேறு வேலைக்காக அப்பா புதுக் கயிறு வாங்கிப் பழையதோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தபோது, பழையது ஒரு சாண் குட்டையாக இருந்தது. வளையத்தின் முடிச்சு மாறியிருந்தது. அந்த வாரம் கயிற்று நுனி பிரிஞ்சுதுன்னு நானே ஒருதரம் அவுத்துக் கட்டின ஞாபகம், ஆனா கோடு போடறதுக்கு முன்னயா, நடுவுலயா, அப்புறமா, எதுவும் ஞாபகம் இல்ல என்றார். கயிறு குட்டையானால் வளைவு உள்ளே வரும், ஓட்டத் தூரம் குறையும், நீ ஓடிய எண்ணூறு மீட்டர் எண்ணூறு இல்லை. இது தெரிந்து ஒரு வாரத்தில் உனக்குப் பாராட்டு விழா. எந்த மூஞ்சியோட மேடை ஏறுவேன், அவ ஓடின ஓட்டத்துல நானே ஓட்டை போட்டுட்டேனே, சொன்னா அந்தச் சாதனையால கிடைச்ச வேலை அவளுக்குப் போயிடும், சொல்லலைன்னா நான் பொய்யன் என்றார். எட்டு வருடமாக இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, உறுதியாகிவிடுமோ என்ற பயத்தில் அளந்தும் பார்க்கவில்லை. இதை மட்டும் பெரியவளுக்கு எழுதாதே என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

கணக்கையும் என்னையே போடச் சொன்னார், நீ பத்தாவது படிக்கறியே, ஒரு சாணுக்கு எவ்வளவு குறையும்னு சொல்லு என்று. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டேன். ஒரு வளைவில் மட்டும் ஒரு சாண் உள்ளே வந்தால் ஒரு சுற்றுக்கு எழுபத்திரண்டு சென்டிமீட்டர், இரண்டு சுற்றுக்கு ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. உன் வேகத்தில் அதை ஓடக் கால் நொடிகூட ஆகாது, அப்போதும் பழைய சாதனையை நீ மயிரிழையில் முந்திவிடுகிறாய். இரண்டு வளைவும் குறைந்திருந்தால் கிட்டத்தட்ட அரை நொடி, அப்போது நீ முந்தவில்லை. ஆகவே கேலரிப் பக்கத்து வளைவு ஒன்றுதான் பாக்கி. அது சரியாக இருந்தால் உன் பேர் சுவரில் இருந்தது நியாயம். அதை மட்டும் அளந்துட்டா நிம்மதியாப் போயிடுவேன், நல்லதோ கெட்டதோ தெரிஞ்சுட்டுப் போகணும் என்கிறார் அப்பா.

அங்கேதான் போக முடியாது, அக்கா. நாளைக் காலை ஏழு மணிக்குக் கேலரியைச் சாய்க்கிறார்கள். அந்த வளைவு முழுக்கக் கேலரியின் முன்னால் நீண்டிருக்கும் நெற்றிக்குக் கீழேதான் போகிறது. தலைக்கவசம் போட்ட மேற்பார்வையாளர் நேற்று அப்பாவைத் தேடி வந்து, பெரியவரே, தூணையெல்லாம் பாதி அறுத்தாச்சு, இனிமே அந்தப் பக்கம் காக்காகூடப் பறக்கக் கூடாது என்றார். சரிங்க, காக்காகிட்ட சொல்லிடறேன் என்றார் அப்பா. வந்தவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று மத்தியானம் யாரும் தொடாமலேயே மேலிருந்து ஒரு சிமெண்ட் பாளம் பெயர்ந்து விழுந்தது, வீட்டுக்குள் தண்ணீர்ப் பானை மூடி அதிர்ந்தது. ராத்திரி சாப்பிடும்போது அப்பா, நாலரைக்குக் காவல்காரன் தூங்குவான், பத்து நிமிஷ வேலை, நீ வர வேண்டாம், டேப்பைக் கொக்கி போட்டு முளையில மாட்டிக்கறேன், அளவு வந்த இடத்தைப் பிடிச்சுட்டே வர்றேன், நீ படிச்சுச் சொல்லு என்று, கடைக்குப் போய் வருகிறேன் என்பதுபோலச் சொன்னார். நான் போகாதீங்கப்பா என்றேன். முப்பத்தொரு வருஷம் அதுக்குக் கீழ நடந்திருக்கேன், என் தலையில விழுமா அது என்றார். அக்கா, அது கட்டடம், அதற்கு அப்பாவைத் தெரியாது.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த முடிச்சை மாற்றியது அப்பா இல்லை. நான். எனக்கு ஆறு வயது. உன் போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், சாயங்காலம், அப்பா கேலரிப் பக்கத்து வளைவைப் போட்டு முடித்துவிட்டு, வெளிச்சம் போய்விட்டது, மற்றதைக் காலையில் போடலாம் என்று கயிற்றை அப்படியே போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். நான் குதிரை விளையாட்டுக்காக வளையத்தை இடுப்பில் மாட்டப் பார்த்தேன், அது என் இடுப்புக்குப் பத்தவில்லை. பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தேன். இடுப்பில் கட்டிக்கொண்டு, கயிறு பின்னால் இழுபட, அந்த ஈரச் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே ஓடினேன், உன்னைப் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு ஓடினேன். பிறகு அப்பாவின் முடிச்சு எனக்குப் போட வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே முடிச்சை, நழுவிவிடப் போகிறதே என்று ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தடவை போட்டு, அதே இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவிட்டேன். வீட்டுக்குள் வெள்ளையாகக் கால் தடம். அம்மா தலையில் குட்டினாள். அப்பா வந்து, கோட்டை மிதிச்சியா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். கயிற்றைத் தொட்டியா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முந்தாநாள் அப்பா கல்லின் மேல் உட்கார்ந்து, நானே அவுத்துக் கட்டின ஞாபகம் என்று சொன்னபோது நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. அவர் என் தலையில் கை வைத்தபோதும் சொல்லவில்லை.

ஆனால் இன்றைக்குப் படுத்தபிறகு யோசித்தேன். என் காலில் ஒட்டியது கேலரிப் பக்கத்துச் சுண்ணாம்பு. அப்படியானால் அந்த வளைவை நான் முடிச்சை அவிழ்ப்பதற்கு முன்பே அப்பா போட்டுவிட்டார். அது சரியான அளவு. அப்பா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அளக்கப் போகிற அந்த விடை எனக்கு ஏற்கெனவே தெரியும், ஒன்பது வருடமாகத் தெரியும். நான் வாயைத் திறந்தால் அவர் போக வேண்டியதில்லை. திறந்தால் அவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்று நினைத்தால் வாய் வரவில்லை. அவர் அடிக்க மாட்டார், அது தெரியும். அடித்தால்கூடப் பரவாயில்லை. உன்னை எட்டு வருடம் பார்க்காமல் இருந்தது போல என்னையும் பார்க்காமல் இருந்துவிட்டால் என்ன செய்வது. டேப்பை எடுத்து என் பள்ளிப் பையில் புத்தகங்களுக்கு நடுவில் ஒளித்து வைத்திருக்கிறேன். அதற்கு மேல் எனக்குத் தைரியம் இல்லை. மணி நாலு ஆகப் போகிறது. அலாரம் அடிப்பதற்கு முன்பே அப்பா எழுந்துவிட்டார், செருப்பைத் தேடுகிறார், டார்ச்சை அணைக்கிறேன்.

அக்கா, அப்பா போகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது மணி எட்டரை, வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏ கிளார்க்கு, டேப்பைப் பாத்தியா என்று சமையலறைக்கு வந்தார். இருட்டில் நான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டார். நான் உனக்கு எழுதிய வரிசையிலேயே சொன்னேன், இடுப்பு, பல், கால் தடம், மூன்று முடிச்சு. மூச்சு விடாமல் சொன்னேன். அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு, கால்ல பட்டது எந்தப் பக்கத்துச் சுண்ணாம்பு என்றார். கேலரிப் பக்கம் என்றேன். முடிச்சை அவுத்தது அந்தக் கோடு போட்டதுக்கு அப்புறமா என்றார். அப்புறம்தான், கோடு ஈரமாக இருந்தது என்றேன். இதையே மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டார். பிறகு போய், கட்டி வைத்த மூட்டையைப் பிரித்து அந்தப் பழைய கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார். முடிச்சு சுண்ணாம்பில் ஊறிக் கல்லாக இறுகி உருண்டையாக இருந்தது. கரண்டிக் காம்பால் மெதுவாகத் தட்டினார், முட்டை ஓட்டைப் போலச் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. உள்ளே இருந்த முடிச்சை விரலால் தடவிக்கொண்டே இருந்தார், கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். என்னிடம் ஒரு சணல் துண்டைக் கொடுத்து, கட்டு பாப்போம் என்றார். கட்டினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தடவிப் பார்த்தார். இன்னும் அதே முடிச்சுதான் போடறே, இத்தனை படிச்சும் என்றார்.

அதோடு தரையில் உட்கார்ந்தார். வாசல் வழியாகக் கேலரி கறுப்பாகத் தெரிந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்தார், ஒரு தடவை கையை ஊன்றி எழக்கூடப் பார்த்தார். என் பள்ளிப் பையின் மேல் நான் உட்கார்ந்துகொண்டேன். அப்பா என்னைப் பார்த்தார், அக்கா, நேராகப் பார்த்தார். டேப்பு அதுக்குள்ளயா, சரி, அங்கயே இருக்கட்டும் என்றார். பிறகு, அவ முந்தித்தான் இருக்கா, எட்டு வருஷம் அவ கண்ணைப் பாக்காம விட்டுட்டேனே என்றார். குழாயடிக்குப் போய் முகம் கழுவினார், வெகுநேரம் கழுவினார். கண்ணில் சுண்ணாம்பு விழுந்துவிட்டது என்றார். மைதானத்தில் சுண்ணாம்பு காலியாகி நாலு நாள் ஆகிறது.

ஏழு மணிக்கு நாங்கள் வெளிச்சாலையில், கயிறு கட்டிய எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றோம். அப்பா போட்டி நாளில் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். சாவிக் கொத்தை மேற்பார்வையாளரிடம் கொடுத்தார், எந்தெந்தக் கதவு பெரியவரே என்று அவர் கேட்க, கதவெல்லாம் போன வாரமே கழட்டிட்டீங்களே தம்பி, இருந்தாலும் கொடுத்தாகணும்ல என்றார். கேலரி விழுந்தது சத்தமாக இல்லை. பெரிய ஆள் ஒருவர் களைத்துப் போய் உட்கார்ந்தது போலத்தான் இருந்தது. நின்ற இடத்திலிருந்து உன் பேர் எழுதிய சுவர் தெரியவில்லை, ஆகவே அது எப்போது போனது என்று எங்களுக்குத் தெரியாது. புழுதி வந்து எல்லாரையும் மூடியது. அது அடங்கியதும் பார்த்தால் என் கால் இரண்டும் முழங்கால் வரை வெள்ளை. அப்பா குனிந்து பார்த்தார். இப்ப எந்தக் கோட்டை மிதிச்சே என்றார். இரண்டு பேரும் சிரித்தோம், சிரித்துக்கொண்டே இருந்தபோது அப்பாவுக்குத் தோள் குலுங்கி வேறு மாதிரி ஆகிவிட்டது, நான் கையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும்வரை விடவில்லை.

வந்ததும், நீ ராத்திரி எழுதினது பெரியவளுக்குத்தானா, எல்லாத்தையும் எழுதிட்டியா என்று கேட்டார். சத்தியத்தை மீறிவிட்டேன் என்றேன். தூரம் குறைஞ்சதையும் எழுதினியா என்றார். எழுதினேன் என்றேன். நல்லது, மறைச்சா கோணல் கோடுதான், எண்ணூறுல ஒன்றரை மீட்டர் குறைவு, ஆனாலும் அவ முந்தினது முந்தினதுதான், யாருக்குச் சொல்லணுமோ அவளே முடிவு பண்ணட்டும் என்றார். பழைய கயிற்றிலிருந்து அந்த முடிச்சை மட்டும் அறுத்து என் கையில் கொடுத்து உறைக்குள் வைக்கச் சொன்னார், இதோ வைத்திருக்கிறேன், உறை கொஞ்சம் புடைத்துக்கொண்டு இருக்கும். அதை அவிழ்த்துப் பார்க்காதே அக்கா, அவிழ்த்தால் ஒரு சாண்தான், முடிச்சாகவே வைத்துக்கொள்.

மீதி அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, படி ஏறாதே. புது வீட்டு விலாசம் உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறது, மூன்றாவது மாடி, படி ஏறக் கூடாது என்று சொன்னது இந்த மாடிக்குச் செல்லாது. உனக்கு ஒரு கட்டில் போட இடம் விட்டு அம்மா சாமான் அடுக்குகிறாள். அப்பா எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார், கையெழுத்துக்கு மேலே மூன்று விரல் அளவு இடம்தான் இருக்கிறது. இவ்வளவும் நான் எழுதியது, நீங்கள் சொன்னதில்லையே, அடியில் உங்கள் கையெழுத்து இருக்கிறதே, வேறு தாளில் எழுதட்டுமா என்று கேட்டேன். அப்பா தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துத் தன் கையெழுத்தைத் தேடிப் பார்த்தார். கையெழுத்து என்னதுதானே, அப்ப இது முழுக்க நான் சொன்னதுதான், அனுப்பு என்றார்.

நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசியோடு, சீக்கிரம் வா,

உன் அப்பா